துண்டுக்குள் முடிந்த சம்பளம்

1

நர்ஸ்களுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரனுக்கு ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டும். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அதனால் முதலில் ஊரில் இருக்கும் உங்களுக்குத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். உங்களுக்குப் புரிந்துவிடும். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் பார்த்த எவருக்கும் இது ஒரு விஷயமே அல்ல. இங்கிலாந்தின் வடக்கே, எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் இது விவகாரமாகிவிட்டது.

குற்றச்சாட்டு இதுதான். ஆண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் காதர் ஒரு நோயாளியின் போர்வைக்குள் கையை விட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் விட்டத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் ஓங்கி அறைந்தார். இது வார்டு சிஸ்டர் நேரில் பார்த்து எழுதியது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மிஸ்டர் டாட் என்று ஒரு கிழவர், ஓய்வுபெற்ற மாட்டு வியாபாரி. நுரையீரலில் சளி கட்டி வந்து படுத்திருக்கிறார். காது மந்தம், வாய் மட்டும் மந்தமில்லை. ஊசி என்றால் குழந்தை மாதிரி அடம். டாக்டர் வந்து சொன்னார், சிஸ்டர் வந்து அதட்டினார், பாதிரியார்கூட வந்து பார்த்தார். கிழவர் பைஜாமா நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார். நான் யோசித்தேன். வியாபாரியை மிரட்டிப் பணிய வைக்க முடியாது, பேசித்தான் முடிக்க வேண்டும். ஊசிக்கு இத்தனை பிஸ்கட் என்று முடிவு செய்யலாம். ஆனால் வாயால் பேசினால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தபால்காரருக்குக் கேட்கும். அவரும் கேட்பார். அவருக்குக் கொடுத்தால் வார்டு முழுக்கக் கேட்கும். சந்தையில் ஒருவனுக்குச் சொன்ன விலை அடுத்தவனுக்குத் தெரிந்தால் சந்தை கெட்டுப்போகும். அதனால் போர்வைக்குள் கையை விட்டேன்.

மிஸ்டர் டாட் செத்த நேரம் திகைத்தார். பிறகு அவருடைய விரல் பேச ஆரம்பித்தது. என்ன கை என்கிறீர்கள்! அப்படி ஒரு பேரத்தை நான் ஊரை விட்டு வந்த பிறகு அனுபவித்ததே இல்லை. முடிந்ததும் கிழவரே என் உள்ளங்கையில் அறைந்து, பைஜாமாவைத் தளர்த்தி, சந்தோஷமாகக் குப்புறப் படுத்தார்.

இதை மேட்ரனுக்கு எப்படி எழுதுவது? வரும் வியாழக்கிழமை எனக்குச் சார்ஜ் நர்ஸ் பதவிக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. கேள்வி கேட்கப் போவதும் அதே மேட்ரன்தான். அந்தப் பதவி கிடைத்தால் வார்டு முழுக்க என் பொறுப்பு என்பது எனக்குப் பெரிதில்லை. அதன் சம்பளம்தான் பெரிது. அது பத்து வருடங்களுக்கு முன் பேகம்பூரில் என் மாமுவிடம் துண்டுக்குள் நான் முடித்த சம்பளம். இன்றுவரை அதை நான் வாங்கியதில்லை.

2

மாமு என்றால் அம்மாவுடன் பிறந்தவர், சுல்தான் ராவுத்தர். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா நான் நடை பழகும் முன்பே மவுத்தாகிவிட்டதால் மாமுதான் வளர்த்தார், அவருடைய தோல் மண்டியிலேயே வேலையும் கொடுத்தார். என் வேலை தரகு. பழநிப் பக்கத்திலிருந்தும் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்தும் வரும் பச்சைத் தோலைத் தடவிப் பார்த்து வகை பிரிப்பேன். பிறகு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் துண்டு விரிப்பேன்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஆட்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தோள் துண்டை இருவர் கைக்கும் மேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். பிடித்த விரல்தான் எண். எதிராளி விரலை அழுத்தினால் போதாது, ஏறு என்று அர்த்தம். நகத்தால் சுரண்டினால் இறங்கு. உள்ளங்கையில் தட்டினால் முடிந்தது. அதற்குப் பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கியவனுக்கு எங்கள் சந்தையில் யாரும் துண்டு விரிக்க மாட்டார்கள். அவன் ஊரைவிட்டுப் போய் மிட்டாய்க் கடைதான் வைக்க வேண்டும். இன்னொன்று, துண்டுக்குள் சொன்ன எண்ணை வாயால் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. ஆகையால் என் சம்பளம் எவ்வளவு என்று இந்தக் குறிப்பில் தேடாதீர்கள், கிடைக்காது.

நான் கப்பல் ஏறியது தோலுக்காகத்தான். எங்கள் சரக்கை வாங்கும் ஒரு கம்பெனி, பதம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டது. மாமு என்னை அனுப்பினார். நான் வந்து சேர்ந்த குளிர்காலம் முடிவதற்குள் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. முதலாளி கதவைப் பூட்டிய பிறகு என்னிடம் கை கொடுத்து, உங்கள் ஊர்ப் பூட்டு ரொம்ப நல்ல பூட்டு என்று வேறு சொன்னார்.

வேலை தேடிக் கொடுக்கும் அரசாங்க ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். என்ன அனுபவம் என்று கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலத்தில் தோல் என்றால் ஒரு சொல்தான். அது மனிதன் மேல் இருப்பதற்குச் சொல்லும் சொல். "தோல்தான் என் தொழில். தொட்டுப் பார்த்தால் நோய் கண்டதா, நல்லதா, எத்தனை நாள் ஆனது, எல்லாம் சொல்வேன்" என்று மார்தட்டினேன். குமாஸ்தா எழுந்து நின்று என்னைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவது இவ்வளவு எளிதாக இருந்ததே இல்லை போலிருக்கிறது. நர்ஸ் பயிற்சிக்கு ஆளே கிடைக்கவில்லை, மூன்று வருடம் படிப்பு, படிக்கும்போதே சம்பளம், கட்டில், சாப்பாடு, சலவை எல்லாம் உண்டு என்றார். நான் கடைசி மூன்றையும் மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். சாப்பாட்டுக்கும் கட்டிலுக்கும் அந்தச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள் என்பது முதல் மாதம் கவரைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கவருக்குள் மிச்சம் இருந்ததைத் துண்டு போட்டு மறைக்கக்கூட அவசியம் இல்லை.

செய்தியை ஊருக்கு எழுதினேன். மாமு ஒரு ஏர்மெயில் தாள் முழுக்க இடம் இருந்தும் ஒரே வரி எழுதினார். "வெள்ளைக்காரனுக்குக் கால் கழுவவா கப்பல் ஏறினாய்?"

மாமுவின் மண்டியைத் தாண்டிப் போகிற குதிரைவண்டியில் இருப்பவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சுண்ணாம்புத் தொட்டியும் ஊறின தோலும் ஆவாரம்பட்டையும் சேர்ந்து வீசும் வாசனையை எங்கள் தெரு பரம்பரை பரம்பரையாக மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மாமுவுக்கு நான் நோயாளிகளின் மலம் ஏந்தும் பெட்பேன் எடுப்பது அசிங்கமாகப்பட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

3

மூன்று வருடமும் நான் கெட்டிக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளியைக் குளிப்பாட்டும்போது முதுகைத் தடவி, வெளிச்சத்துக்குத் திருப்பி, இடுப்பைத் தட்டிப் பார்ப்பேன். பழக்கதோஷம். "விலை கேட்கப் போகிறவன் மாதிரி பார்க்காதே" என்று சிஸ்டர் திட்டுவார். தேர்வில் எலும்புகளின் பெயர்கள் எனக்கு வரவே இல்லை, தோலைப் பற்றிய கேள்விக்கு மட்டும் கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். எப்படியோ தேறிவிட்டேன். பதிவேட்டில் பெயர் ஏறியது. வில்லை ஒன்று சட்டையில் குத்தினார்கள். சம்பளமும் பயிற்சிச் சம்பளத்திலிருந்து ஒரு படி ஏறியது. அந்தத் தெம்பில்தான் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

போனது பெண் கேட்க. மாமுவின் மகள் ஜொகரா. அவள் எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. பேச்சு இருந்ததே தவிர, நான் நர்ஸ் ஆன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் சொந்தமாக அரிசி மில் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள் என்று அம்மா எழுதியிருந்தார். எனக்கு ஜொகரா வேண்டும். வேறெதுவும் எனக்கு அப்போது முக்கியமாக இல்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து மாமு மண்டிக்கு வந்தார். சுற்றிலும் வியாபாரிகள், தரகர்கள், வண்டிக்காரர்கள். எல்லாரும் எனக்குச் சலாம் சொல்லிவிட்டு ஏதோ கேட்க வாயைத் திறந்து மூடினார்கள். மாமுதான் கேட்டார்.

"ஏலே காதரு, உக்காரு. என்னலே வேல அது? பொம்பளைக பாக்குற வேலதான?"

"அங்க ஆம்பளை வார்டுக்கு ஆம்பளைகதான் மாமு. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும். பேரப் பதிவு பண்ணுவாக."

"பதிவு கெடக்கட்டும். மாசம் என்ன வரும்?"

ஆவாரம்பட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆத்தூர் வண்டிக்காரர் மூட்டையை முதுகிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமு தோளிலிருந்து துண்டை உருவி என் கை மேல் போட்டார்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். பவுண்டை ரூபாயாக்கி, பிடித்தம் போக, அல்லாஹ் அறிய, உள்ளது உள்ளபடி விரலைப் பிடித்தேன். மாமு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாசலில் போகும் ஆட்டைப் பார்த்துக்கொண்டே என் விரலை அழுத்தினார்.

நான் மறுபடியும் அதே எண்ணைச் சொன்னேன். மறுபடியும் அழுத்தினார். அவர் இத்தனை வருடம் விற்பவராகவே உட்கார்ந்தவர். எதிரில் இருப்பவன் முதலில் சொல்லும் எண்ணை விலையாக ஏற்றுக்கொண்ட பழக்கம் அவர் விரலுக்கு இல்லை. என் விரலாவது அறிவோடு இருந்திருக்கலாம். அதுவும் அவரிடம் தொழில் படித்த விரல்தானே? அவர் அழுத்த அழுத்த, நான் சுரண்டினேன். அவர் கொஞ்சம் இறங்கினார், நான் கொஞ்சம் ஏறினேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் என் சம்பளம் பேகம்பூர்த் தோல் மண்டியில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மாமு படீரென்று என் உள்ளங்கையில் தட்டினார்.

"முடிஞ்சிருச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே, எல்லாருக்கும் டீ சொல்லு."

என் சம்பளம் முடிந்துவிட்டது. அதைக் கொடுக்க வேண்டிய ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியாது.

4

எண்ணை வாயால் சொல்லக் கூடாதே தவிர, துண்டுக்குள் சொல்லலாம். அன்று மாலைக்குள் பேகம்பூர் முழுக்க ஆளுக்கு ஆள் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கேட்டவன் நம்பாமல் அழுத்தியிருக்கிறான், சொன்னவன் கொஞ்சம் ஏறியிருக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் என் சம்பளம் கலெக்டரைத் தாண்டியது. ஆத்தூர் வண்டிக்காரர் அதை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அங்கே கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்களாம்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். எல்லாருக்கும் நர்ஸ் ஆக வேண்டும். பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர், சுருட்டுக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஒருவர், ஒரு ஹோட்டல் சரக்கு மாஸ்டர். நேற்றுவரை பெட்பேன் என்ற சொல்லுக்கே காறித் துப்பியவர்கள். ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யாத் தோப்புக்காரர் கூடையோடு வந்து, என் அம்மா கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, நெசமாலுமே அவ்வளவு குடுக்கறாங்களா? கொய்யாவுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுங்க. எனக்கு வயசு அம்பத்திரண்டு ஆச்சுங்க. சேத்துக்குவாங்களா?"

"ஊசி போடத் தெரியணும், அண்ணே."

"மாட்டுக்குப் போட்டிருக்கறனுங்க."

சரக்கு மாஸ்டர் தனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், அதனால் ரத்தம் இல்லாத வார்டாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். கணக்குப்பிள்ளை உட்கார்ந்து பார்க்கும் நர்ஸ் வேலை இருக்கிறதா என்று விசாரித்தார். நான் யாரிடமும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் முடிந்த விலையிலிருந்து பின்வாங்கியவன் ஆவேன்.

அன்று சாயங்காலம் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ரோசம்மா சிஸ்டர் சீருடையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்குத் தெரிந்து திண்டுக்கல்லில் இருந்த நர்ஸ்களில் எல்லாரும் பயந்த ஆள் அவர்தான்.

"தம்பி, என்னய்யா செஞ்சு வச்சிருக்க? காலையில இருந்து வார்டுக்குள்ள வாரவன் பூராம் எங்கிட்ட துண்ட நீட்டுறான். காயத்துக்குக் கட்டுப் போட வந்திருக்கான்னு நெனச்சு நானும் ரெண்டு பேருக்குக் கட்டுப் போட்டு அனுப்பிட்டேன். பெறகுதான் தெரியுது, என் சம்பளத்தக் கேக்குறானுக."

"மன்னிச்சிருங்க சிஸ்டர்."

"எனக்கு மன்னிப்பு வேணாம். உனக்கு அங்க அம்புட்டு வருதா, இல்லையா?"

நான் தலையைக் குனிந்தேன். ரோசம்மா சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நோயாளி பொய் சொன்னால் கண்டுபிடித்துப் பழகிய கண்.

"என் சம்பளத்தச் சொல்லத் துண்டு வேண்டாம்யா, சுண்டுவிரலே போதும்" என்றார். "எங்க அம்மா இன்னும் கேக்குது, டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாமேன்னு. வேலைய மட்டும் விட்றாத. எவன் என்ன சொன்னாலும் இது நல்ல வேல."

அந்த வார்த்தைதான் அந்த லீவில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. கல்யாணம் நடந்தது. சீரகச் சம்பா பிரியாணி, ஊரே சாப்பிட்டது. ஜொகரா வெள்ளைத் துப்பட்டிக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமு மகளிடம் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்? முடிந்த எண்ணைத்தான் சொல்லியிருப்பார். அந்த எண்ணுக்குத்தான் அவள் ஒட்டன்சத்திரத்து அரிசி மில்லை விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு என்னோடு கப்பலில் ஏறி இங்கே வந்தது.

5

ஜொகராவை இங்கே அழைத்து வந்த நாள் முதல், மாதச் சம்பளக் கவரை அப்படியே அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் அடுப்படியில் நின்று எண்ணிப் பார்ப்பாள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். மீதி எங்கே என்று கேட்க மாட்டாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்காமலே டின்னை மூடும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே நான் விடுப்பில் போகிறவர்களின் வேலையை எல்லாம் வாங்கிச் செய்தேன். ஞாயிறு, பண்டிகை, புத்தாண்டு, எதையும் விடவில்லை. அப்படியும் எண் எட்டவில்லை. வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் ஏறும். அதற்குள் குளிருக்கு எரிக்கும் கரி விலையும் ஏறிவிடும்.

இந்த நாட்டில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பதில்லை. வயதைக் கேட்டாலும் மன்னிப்பார்கள், சம்பளத்தைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அதே ஆட்கள் கடையில் சட்டைக்கும் மீனுக்கும் சவப்பெட்டிக்கும் ஊர் பார்க்க விலையை எழுதி ஒட்டி வைக்கிறார்கள். எங்கள் ஊரில் இவை இரண்டும் அப்படியே தலைகீழ். நான் இந்த இரண்டு பழக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்.

எங்கள் மகள் நூர்ஜஹானுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் நோரா. ஜொகரா தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வேண்டுமா என்றால், உருளைக்கிழங்கு வறுவல் இருக்கிறதா என்பாள். போன மாதம் வகுப்பில் அப்பா என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். வார்டுக்குத் தலைமையாக இருப்பவர் சிஸ்டர் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள், அத்தா சீக்கிரம் வார்டுக்குத் தலைமை ஆகப்போகிறார் என்றும் கேள்விப்பட்டிருக்கிறாள். "என் அப்பா சீக்கிரமே சிஸ்டர் ஆகிவிடுவார்" என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் எங்களைக் கூப்பிட்டு விட்டார்.

"அத்தா ஆம்பளைடீ. ஆம்பளைக்கு சார்ஜ் நர்ஸுன்னு பேரு" என்று ஜொகரா அன்று முழுக்கச் சொல்லிக் கொடுத்தாள். மகள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தோள் குலுக்கல் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் கிடையாது. எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும், சொல்ல மனம் வரவில்லை.

சார்ஜ் நர்ஸ் சம்பளம் என்ன என்பதை ஆஸ்பத்திரி நோட்டீஸ் பலகையில் கூச்சமில்லாமல் ஒட்டியிருந்தார்கள். படித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தேன். ரூபாயாக மாற்றினேன், பிடித்தத்தைக் கழித்தேன், விரலை மடக்கினேன். மாமு தட்டிய அதே எண். இன்னொரு முறை மடக்கிப் பார்த்தேன். இது மட்டும் கிடைத்துவிட்டால் முடித்த விலையைக் கொடுத்தவன் ஆவேன். ஜொகராவுக்குச் சொன்னதை ஜொகராவிடம் கொடுத்துவிடலாம். அப்படிப்பட்ட நேரத்தில்தான் மிஸ்டர் டாட்டின் போர்வைக்குள் கையை விட்டிருக்கிறேன்.

6

வியாழக்கிழமை முடிந்தது. இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

மேட்ரன் மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஆபீஸ் செக்ரடரி, ஒரு பக்கம் வார்டு சிஸ்டர். என் விளக்கத்தின் மூன்று பிரதிகளும் மேஜையில் இருந்தன. அவற்றில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பிஸ்கட் விஷயமாக."

"எத்தனை பிஸ்கட்?" என்று மேட்ரன் கேட்டார்.

நான் மேஜையில் கோணலாக இருந்த ஒரு பிரதியை நேராக வைத்தேன்.

"நர்ஸ் காதர், நோயாளியின் உணவு பற்றிய கேள்வி இது. எத்தனை?"

"மன்னிக்க வேண்டும், மேடம். முடிந்த எண்ணை வாயால் சொல்லக் கூடாது."

"அப்படியானால் எழுதுங்கள்."

"எழுதவும் கூடாது, மேடம்."

செக்ரடரி தன் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் எனக்குப் பிஸ்கட் டின் மூடுவது போலவே கேட்டது. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பதவியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் முடித்த விலைக்காகத்தான் இந்தப் பதவியே. அதற்காக இன்னொரு முடித்த விலையை உடைப்பதா? வாய் வரவில்லை. பத்து வருட உழைப்பு கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கேட்டேன். "மேடம், ஒரு துண்டு கிடைக்குமா?"

மேட்ரன் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய வெள்ளைத் துவாலையை எடுத்து மேஜையில் விரித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். ஆபரேஷனுக்குத் தயாராகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்தார். துவாலைக்குள் கையை விட்டார்.

நான் பிஸ்மில்லாஹ் சொல்லி எண்ணைச் சொன்னேன். மேட்ரன் கூரையைப் பார்த்தார். என் மணிக்கட்டில் ஏதோ உறுத்தியது. முதலில் எனக்குப் புரியவில்லை. மேட்ரன் சுரண்டுகிறார்! அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மிஸ்டர் டாட்டா? இல்லை, இது எல்லாருடைய விரலுக்கும் தெரிந்ததுதானா? நான் விடவில்லை, ஊசி வலிக்கும் என்பதை விரலாலேயே எடுத்துச் சொன்னேன். அவர் இன்னொரு முறை சுரண்டினார். கிழவருக்குச் சர்க்கரை ஏறும் என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஒரு பிஸ்கட் இறங்கினேன்; கிழவருக்கு முடித்த கணக்கில் அந்த ஒன்றை என் டீ பிஸ்கட்டிலிருந்து கொடுத்துவிடலாம். மேட்ரன் என் உள்ளங்கையில் தட்டினார்.

"நன்றி, சார்ஜ் நர்ஸ்" என்றார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அடுத்த ஆளை வரச்சொல்லி மணியை அடித்தார். வார்டு சிஸ்டர் மட்டும் துவாலையைத் தூக்கி அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

7

வீட்டுக்கு ஓடினேன். ஜொகரா அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த துண்டை வாங்கி அவள் கை மேலேயே போட்டு, உள்ளே அவள் விரலைப் பிடித்தேன். அவளுக்கு இந்த பாஷையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை. எண்ணைப் பிடித்ததுமே அவள் புருவம் ஏறியது.

"இது என்ன மச்சான்?"

"என் சம்பளம். அடுத்த மாசத்துல இருந்து. மாமு உங்கிட்ட சொன்ன எண்ணு. பத்து வருஷம் ஆச்சு, இப்பத்தான் குடுக்க முடிஞ்சது."

"அத்தா இதச் சொல்லலையே."

"அன்னிக்கு மண்டியில முடிஞ்சது இதுதான், ஜொகரா."

"மண்டியில முடிஞ்சது எனக்கென்னத்துக்கு? அத்தா வீட்டுக்கு வந்து எங் கையப் புடிச்சு, நீங்க மொதல்ல சொன்னீங்கள்ல, அதத்தான் சொன்னாக. சின்னப் புள்ளையிலயே எனக்கு இந்தக் கை பாஷையக் கத்துக் குடுத்திருக்காக. 'இதுதான்மா அவன் சம்பளம். பய நெசத்தத்தான் சொல்லிட்டான், விரலு நடுங்குச்சு. கூட்டுனது சுத்தி நின்னவனுகளுக்காக. இம்புட்டுக்கு உனக்குச் சம்மதமா'ன்னு கேட்டாக."

நாற்காலியில் உட்கார்ந்தேன். கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

"அப்ப மாசாமாசம் எண்ணிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம டின்ன மூடுவியே?"

"அத்தா சொன்ன கணக்குத்தானே வந்துச்சு. வருஷத்துக்கு வருஷம் கூடவே வேற வந்துச்சு. நான் என்னத்தக் கேக்க? நீங்கதான் கவரக் குடுத்துட்டு களவாண்டவுக மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவீக. ஆஸ்பத்திரியில ஏதோ கஷ்டம்போலன்னு விட்டுருவேன்."

ஞாயிறும் பண்டிகையும் புத்தாண்டும் என் கண்முன்னே ஒவ்வொன்றாக நடந்து போயின. அழுதுவிடுவேன் போலிருந்தது. சிரிப்புதான் வந்தது.

"சம்மதமான்னு மாமு கேட்டாகளே, நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல?" என்றாள் ஜொகரா. "பேரம் பேசல. அப்பவே தட்டிட்டேன்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பிறகு துண்டுக்குள் அவள் விரல் அசைந்தது. புது எண்ணைப் பிடித்திருந்த என் விரலை அவள் மெதுவாக அழுத்தினாள். நான் சுரண்டினேன். அவள் விடாமல் இன்னும் அழுத்தினாள்.

வாசலில் மகள் வந்து நின்று, நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்கத்தாவுக்குச் சம்பளம் கூட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள் ஜொகரா. "செத்த நேரம் இரு, முடிச்சிட்டு வாரேன்."